அவளுக்கு நான் சொல்லாத பதில்

மல்லாங்கிணற்றில் மழையைக் காணோம். கண்மாயில் கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கிறது. அது கிடக்கட்டும்.

ஜெர்மனியில் படிக்கும் பேரன் போனில் சலித்துக்கொண்டான். "உக்ரைன் விஷயத்தில் ஹங்கேரி ஒண்ணு முரண்டு பிடிச்சா 27 நாடும் நிக்குது தாத்தா." வெளியுறவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் வழக்கம் அப்படித்தான், எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்றேன். சொல்லும்போதே 2006 ஞாபகம் வந்துவிட்டது.

அந்த ஆகஸ்டில் பத்தாம் வகுப்புக்கு ஐ.நா. பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நம்மூர் இலங்கை அகதி முகாமிலிருந்து வரும் பெண் ஒருத்தி எழுந்தாள். "சேர், சண்டையைக் கண்காணிக்க வந்த வெள்ளைக்காரர் ஏன் போகினம்? எங்கட அப்பம்மா மன்னாரில இருக்கிறா."

பரீட்சைக்கு வராது, உட்கார் என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 2002 பிப்ரவரி 22-இல் போர்நிறுத்த ஒப்பந்தம். அதைக் கண்காணிக்க நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் ஆள் அனுப்பின. மன்னாரிலும் அவர்களுக்கு அலுவலகம் இருந்தது. 2006 மே 29-இல் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. அப்போது 25 நாடுகள். ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் மூன்றும் அதில் உறுப்பினர்கள். அவர்களும் சம்மதித்ததால்தான் முடிவு நின்றது. அதே நாட்டு ஆட்கள் அங்கே நடுவர்கள்!

பொங்கல் கபடிக்குப் பக்கத்து ஊர்க்காரரை நடுவராகக் கூப்பிடுவோம். ஆட்டம் நடக்கும்போதே அவர் ஊர்க் கூட்டம் கூடி, ஒரு அணியை ஆகாதவர்கள் என்று தீர்மானம் போட்டால், மறுநாள் அவர் விசிலுக்கு யார் கட்டுப்படுவார்கள்? ஒன்றிய நாட்டவர் வெளியேற வேண்டும் என்றார்கள் புலிகள். செப்டம்பர் 1-க்குள் மூன்று நாட்டவரும் கிளம்பிவிட்டார்கள். நார்வேயும் ஐஸ்லாந்தும் ஒன்றியத்தில் இல்லை, அதனால் தங்கின. நார்வே மக்கள் 1972-இலும் 1994-இலும் வாக்களித்து, ஒன்றியத்தில் சேர மாட்டோம் என்று சொன்னவர்கள். மிஞ்சிய கொஞ்சம் பேரும் 2008 ஜனவரியில் போர்நிறுத்தம் முடிந்ததோடு போய்விட்டார்கள்.

தடை சரியா தப்பா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. கதிர்காமர் கொலைபோல அதற்கு அவர்கள் காட்டிய காரணங்களும் சின்னவை அல்ல. ஆனால் நடுவர் வேலையை ஒத்துக்கொண்ட மூன்று நாடுகள், கை தூக்கும் முன் அந்த மன்னார் அலுவலகத்தை ஒரு நிமிடம் நினைத்திருக்கலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. கண்காணிப்பு இருந்திருந்தால் போர் நின்றிருக்குமா என்றால், இல்லை. மாவிலாறில் அதற்கு முன்பே குண்டு விழ ஆரம்பித்துவிட்டது. இருந்தாலும் பார்த்து எழுதி வைக்க ஓர் ஆள் இருந்திருப்பார்.

இதையெல்லாம் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு வகுப்பு நேரம் போதும். நான் சொல்லவில்லை. அப்பம்மா என்ன ஆனார் என்றும் கடைசிவரை கேட்கவில்லை. அந்த வருடம் பரீட்சை எழுதிப் போனவள்தான்.

2006-07 பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே, ஜன்னல் ஓரம் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால், இங்கே பெயர் போடாமல் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.