முறுக்கினால் தீராத ஒழுகல்

சென்னை மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மேல்தளத்து வீட்டின் சர்வீஸ் பால்கனியில் வாஷிங் மெஷின் நிற்கிறது. அதன் பின்னால் தரை காய்வதே இல்லை. கீழ்வீட்டு சீலிங்கில் மஞ்சள் கறை படர்ந்து, இரண்டு வீட்டுக்கும் மனத்தாங்கல் வந்துவிட்டது. பிளம்பர் வருகிறார் என்று தெரிந்ததும் நானும் போய் நின்றுகொண்டேன்.

ஸ்பேனரை எடுப்பார் என்று எதிர்பார்த்தால், அவர் பழைய துணி கேட்டார். முதலில் மெஷின் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு குழாய், ஹோஸ், மெஷினின் முதுகுப்புறம் எல்லாவற்றையும் ஈரம் போகத் துடைத்தார். ஒவ்வொரு இணைப்பைச் சுற்றியும் டிஷ்யூ பேப்பரைக் கட்டிவிட்டுக் குழாயைத் திறந்தார். "தண்ணி சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேறக்கா. ஹோஸ் மேலேயே வழிஞ்சு வந்து வளைவுல சொட்டும். நாம வளைவைக் குத்தம் சொல்லிட்டிருப்போம்" என்றார். சற்று நேரத்தில் இரண்டு பேப்பர்கள் நனைந்தன: குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் ஒன்று, மெஷினில் ஹோஸ் மாட்டும் இடத்தில் ஒன்று.

எப்போது ஒழுகுகிறது என்பதையும் கேட்டுக்கொண்டார். குழாயைத் திறந்தவுடனே கசிந்தால் தண்ணீர் வரும் பக்கம் பழுது. அழுக்குத் தண்ணீர் வெளியேறும்போது மட்டும் தரை நனைந்தால் டிரெயின் ஹோஸையும் அது போகும் துளையையும் பார்க்க வேண்டும். நூலும் பஞ்சும் அங்கேதான் அடைக்கும். மெஷின் அணைந்திருக்கும்போதே டிரம்மில் தண்ணீர் ஏறினால் உள்ளே இருக்கும் வால்வு சரியாக மூடவில்லை. அது மெக்கானிக் வேலை.

தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டுச் சுவர்ப் பக்கக் குழாயைக் கழற்றினார். பழைய டெஃப்ளான் டேப் நார்நாராக வந்தது. மரையை பிரஷ்ஷால் தேய்த்து, புது டேப்பை இழுத்துப் பிடித்துச் சுற்றினார். மரையின் முனை நம்மைப் பார்த்திருக்கும்போது கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால், குழாயைத் திருகும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். திருகி நிறுத்தியபின், குழாய் நேராக நிற்கவில்லை என்று பின்னோக்கித் திருப்பவும் கூடாது. திருப்பினால் டேப்பின் பிடி விட்டுப்போகும். கழற்றி மறுபடி சுற்ற வேண்டியதுதான்.

மெஷின் பக்கம் வேறு கதை. ஹோஸ் நட்டைக் கழற்றியதும் வீட்டுக்காரம்மா, "இதுக்கும் அந்த வெள்ளை டேப்பைச் சுத்திடுங்களேன் தம்பி" என்றார். பிளம்பர் சிரித்துக்கொண்டே நட்டுக்குள்ளிருந்து ஒரு கறுப்பு ரப்பர் வாஷரை நெம்பி எடுத்துக் காட்டினார். அப்பளம் மாதிரி விறைத்துப் போயிருந்தது. விரலால் அழுத்தியதும் விளிம்பு உடைந்தது. இந்த முக்கால் இஞ்ச் இணைப்பில் தண்ணீரைத் தடுப்பது மரை அல்ல, தட்டையாக உட்காரும் இந்த வாஷர்தான். மரையில் எத்தனை சுற்று டேப் போட்டாலும் பயனில்லை. மெஷினின் வாயோ பிளாஸ்டிக். வாஷர் செத்தபின் ஸ்பேனரால் முறுக்கினால் அது விரிசல் விட்டு, சில ரூபாயில் முடியும் வேலை வால்வையே மாற்றும் செலவாகிவிடும்.

வாய்க்குள் இருந்த சின்ன வலையைக் குறடால் மெல்ல இழுத்தார். போர் தண்ணீரின் உப்பு அதில் வெள்ளையாகப் படிந்திருந்தது. வினிகரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினார். புது வாஷரை வைத்து நட்டைக் கையாலேயே இறுக்கி, குறடால் கால் சுற்று மட்டும் கூடுதலாகக் கொடுத்தார்.

இத்தனை நாள் ஒழுகாதது இப்போது ஏன்? மாடித் தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால் இந்த வீட்டில் தண்ணீர் மெதுவாகத்தான் வந்தது. பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஏறக்குறைய ஒரு கிலோ பிரஷர் கிடைக்கும். அதனால் அண்மையில் பிரஷர் பம்ப் வைத்திருக்கிறார்கள். குறைந்த அழுத்தத்தில் தாக்குப்பிடித்த கிழட்டு வாஷர் கூடுதல் அழுத்தத்தில் கைவிட்டுவிட்டது.

மறுபடி டிஷ்யூ கட்டி, ஒரு ரின்ஸ் ஓடவிட்டார். பேப்பர்கள் காய்ந்தே இருந்தன.

நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலே நாளைக்கு லிட்டர் கணக்கில் போகும். ஆகவே துணி துவைத்து முடிந்ததும் குழாயை மூடுங்கள். ஹோஸ் உப்பியிருந்தாலோ வெடிப்பு கண்டிருந்தாலோ ஒட்டுப் போடாமல் மாற்றுங்கள். கசிவு தெரிந்தால் முறுக்காதீர்கள். கழற்றி வாஷரைப் பாருங்கள்.