காரணம்: மஞ்சள்

எங்க ஊர்லயிருந்து கோபி போற வழியில ஒரு தனியார் பள்ளிக்கூடம் இருக்கு. விடுதியும் உண்டு. வாரா வாரம் சனிக்கிழமை என் தோட்டத்து வாழைத்தார் அங்க போகும். போன வாரம் டெம்போ டிரைவர் வரலைன்னு நானே ஓட்டிட்டுப் போனேன்.

தாரை இறக்கிட்டுத் திரும்பினா, வேப்பமரத்தடியில ஒரு கூட்டம். யூனிஃபார்ம் போட்ட பெரிய பிள்ளைங்க பக்கத்துல, சாதா உடுப்புல சின்னப் பிள்ளைங்க. சின்னதுக எல்லாம் நம்ம பக்கத்து ஊருக காலனியிலயிருந்தும் செங்கல் சூளையிலயிருந்தும் வந்ததுக. சனிக்கிழமை மத்தியானம் மூணுலயிருந்து அஞ்சு வரைக்கும் இந்தப் பள்ளிப் பிள்ளைங்கதான் அதுகளுக்குப் பாடம் சொல்லித் தர்றாங்களாம்.

எனக்கு முதல்ல இளக்காரமாத்தான் இருந்தது. சமூக சேவைன்னு நோட்டுல எழுதி டீச்சர்கிட்ட கையெழுத்து வாங்கறதுக்கு ஒரு கூத்துன்னு நினைச்சேன். சும்மா நின்னு பார்த்தேன். ஒரு பையன் 52-ல 27 போகாம முழிச்சுட்டு இருந்தான். சொல்லித் தந்த பொண்ணு திட்டலை. பத்துப் பத்தா ரப்பர் பேண்டு போட்ட தென்னங்குச்சிக் கட்டுல ஒண்ணைப் பிரிச்சுக் கையில கொடுத்துச்சு. ரெண்டு தடவை எண்ணிட்டு "இருபத்தஞ்சு"ன்னான். இன்னொரு பக்கம் பெரிய பையன் 'மண்'ணுக்கு ரெண்டு சுழி போட்டு எழுத, வாண்டுப் பொண்ணு ஒண்ணு, "அண்ணா, மூணு சுழி"ன்னு சிரிக்குது. இங்கிலீஷ் மீடியமாச்சே!

கொரோனாவுக்குப் பின்னாடி, 2021-ல, அரசு இல்லம் தேடிக் கல்வி ஆரம்பிச்சப்ப எங்க கோயில் திண்ணையிலயும் இப்படி ஒரு வகுப்பு நடந்தது. அப்பவும் நான் எட்டித்தான் பார்த்தேன்.

கழித்தல் கணக்குப் பையனை எங்கியோ பார்த்த மாதிரி இருந்தது. அவனும் என்னைப் பார்த்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். என் காட்டுல மஞ்சள் வெட்டுக்கு வர்ற ஒரு அம்மாவோட மகன். அஞ்சாவது.

"நல்லாப் படிக்கறானா கண்ணு?"ன்னு அந்தப் பொண்ணைக் கேட்டேன்.

"வந்தா நல்லாப் படிப்பான் அங்கிள். வர்றதே இல்லை"ன்னு வருகை நோட்டைக் காட்டுச்சு. தை மாசத்துல ரெண்டு சனிக்கிழமை, மாசியில ஒண்ணு. வராததுக்குக் காரணம்னு ஒரு கட்டம். மூணுலயும் ஒரே வார்த்தைதான்: மஞ்சள்.

அந்த மூணு சனிக்கிழமையும் வெட்டு நடந்தது என் காட்டுல.

பட்டணத்துல இருக்கறவங்களுக்குச் சொல்லணும். வைகாசி, ஆனியில நட்ட மஞ்சள் தை, மாசியில வெட்டுக்கு வரும். வெட்டிப் போட்டதை மண்ணு உதறி, கிழங்கு வேற விரலி வேறன்னு பிரிக்கணும். சின்னக் கைக்கு அது சுலபம். அம்மாக்களோட வந்த பிள்ளைங்க தானா உட்கார்ந்து பிரிக்கும். சாயங்காலம் அவன் கையில நூறு ரூபாய் கொடுத்து, தாராள மனசுன்னு என்னை நானே மெச்சிக்கிட்டேன். 14 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளையை வேலைக்கு வெக்கக் கூடாதுன்னு சட்டம். பள்ளி நேரம் போக சொந்தக் குடும்பத் தொழில்ல உதவலாம்னு 2016-ல ஒரு சலுகை விட்டாங்க. என் காடு அவன் குடும்பத்துக் காடு இல்லையே.

மறுநாள் அந்த அம்மாகிட்ட, "சனிக்கிழமை பையனைக் கூட்டிட்டு வராதீங்க, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க"ன்னேன்.

"ஊட்டுல தனியா எப்படிங்க உட்டுட்டு வர்றது? அங்க கூட்டிட்டுப் போயி உடறது ஆருங்க? நானு வேலைக்கு வந்தாத்தானுங்க கூலி."

நியாயம்தான். மூணு கிலோமீட்டர். பஸ்ஸும் கிடையாது. அப்புறந்தான் டெம்போ ஞாபகம் வந்தது. அந்த நூறு ரூபாயை அம்மா கூலியோட சேர்த்துக் கொடுத்துடறேன்னு சொன்னேன். நேத்து சனிக்கிழமை அவனும் வாழைத்தாரோட போனான். திரும்பக் கூட்டிட்டு வர அஞ்சு மணி வரைக்கும் காத்துக் கிடந்ததுக்கு டிரைவர் இன்னும் முனகிட்டு இருக்கார்.

அந்த நோட்டுல இன்னும் மூணு பேரோட பேருக்கு நேரா மஞ்சள்னு எழுதியிருந்தது. அதுல ரெண்டு பேர் பங்காளி காட்டுக்குப் போறவங்க. அவர்கிட்ட நான் இன்னும் பேசலை.