குறை தோன்றும் வேளை

கரடியனாற்றிலே வட்டை விதானையாராயிருந்த என் தந்தையார் விமானத்தை அண்ணாந்து பார்த்ததேயன்றி, அதில் ஏறியறியாதவர். எனினும், விமானங்களைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அத்தொழிலின் தலையாய பாடத்தைக் கற்பித்தவர் அவரே. விழா மலருக்கு ஏதேனும் எழுதுக என நண்பர்கள் பணித்தபோது அப்பாடத்தையே எழுதத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இரத்மலானையிலே சிறிய தனியார் விமானமொன்று என் கைக்கு வந்தது. நால்வர் அமரக்கூடியது, ஒற்றை எஞ்சின் பூட்டியது. அதிலிருந்த தன்னியக்க விமானமோட்டிக் கருவிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஓட்டுபவரின் கை ஓய்ந்திருக்கையில் விமானத்தைச் சாயாமல் நேர்வழியிற் செலுத்துவது அதன் பணி.

1914ஆம் ஆண்டிலே பாரிஸ் நகருக்கு அருகில், சேன் ஆற்றின் மேலே பறந்த லாரன்ஸ் ஸ்பெரி என்னும் அமெரிக்க இளைஞர் தம் இரு கைகளையும் உயர்த்திக் காட்டினார். உதவியாளர் இறக்கைமீது நடந்து சென்றார். அப்போதும் விமானம் நிலைகுலையவில்லை. இப்பழைய கருவிக்கும் அன்றைய தத்துவமே அடிப்படை. விரைந்து சுழலும் பம்பரம் தன் நிலையை எளிதில் விட்டுக்கொடாது. ஆதலால் விமானம் சாயுமிடத்து அச்சாய்வு தெரியவரும். இலத்திரனியல் பெட்டி அதனைக் கணித்துச் சிறு மோட்டரொன்றுக்கு ஆணையிடும். மோட்டர் கம்பிவடத்தை இழுத்து, இறக்கையின் பின்னோரத்துப் பலகைகளை அசைத்துச் சாய்வைத் திருத்தும்.

உரிமையாளரின் முறைப்பாடு இது: ஏறி அரைமணி நேரம் சென்றபின் விமானம் தொட்டில்போல இடமும் வலமும் ஆடுகின்றது, இறங்கியபின் சோதித்தாலோ ஒரு குறையுமில்லை. பெட்டி முன்னரே கழற்றி அனுப்பப்பெற்று, பழுதில்லை என்று திரும்பியிருந்தது. நானும் பம்பரத்தைச் சுழற்றும் காற்றின் வடிகட்டியை மாற்றினேன், அமுக்கமானியை நோக்கினேன், மின்னிணைப்புகளைத் துலக்கினேன். யாவும் செவ்வையாகவே இருந்தன. மூன்றாம் நாள் மாலை, பதிவேட்டிலே "குறை காணப்படவில்லை" என்றெழுதிக் கையொப்பமிடப் பேனாவை எடுத்தேன். அவ்வுரிமையாளர் தனியே பறப்பவர். மலைநாட்டின்மேல் வரைபடத்தை விரித்து நோக்கும் வேளைகளில் அக்கருவியையே நம்பியிருப்பவர். அவரை நினைந்தபோது என் கை எழவில்லை. தந்தையாரின் நினைவு வந்தது.

நான் சிறுவனாயிருந்தபோது, கடைமடை வயற்காரர் ஒருவர் தம் வயலுக்கு நீர் வரவில்லையென முறையிட்டார். பலரும் குளத்தைக் குறைகூறினர். மதகைப் போதியவாறு திறக்கவில்லை என்றனர். பகலிலே வாய்க்காலைப் பார்த்தவர்கள் அதிலே பழுதொன்றுமில்லை என்றனர். தந்தையாரோ, அவருடைய நீர்முறை இராமுறையென்பதை அறிந்து, அரிக்கன் விளக்கோடு என்னையும் அழைத்துக்கொண்டு, வறண்ட வயலிலிருந்து மேல்நோக்கி வாய்க்கால் வழியே நடந்தார். நள்ளிரவில் வாய்க்கால் நிரம்பி ஓடியபோது, வரம்பின் மேற்பகுதியிலிருந்த நண்டுவளையொன்றால் நீர் குமுகுமுவென வெளியேறிற்று. பகலிலே நீர்மட்டம் அவ்வளையை எட்டுவதில்லை. "மகன், குறை எந்நேரத்திலே தெரியுதோ, அந்நேரத்திலே போய்ப் பார்க்க வேணும்" என்றார்.

பேனாவை மூடிவிட்டு, மறுநாள் உரிமையாளருடன் மட்டக்களப்புக்குப் பறந்தேன். 9,500 அடி உயரத்தில் மலைநாட்டைக் கடக்கையில் ஆட்டம் தொடங்கிற்று. கருவியை நிறுத்தி அவர் கையாற் செலுத்தினார். விமானம் நேரே சென்றது. குறை விமானத்தின் சமநிலையில் இல்லையென்பது தெளிவாயிற்று. மீண்டும் கருவியை இயக்கச்செய்து, செலுத்துசக்கரத்தின்மேல் விரல்களை வைத்தேன். அது கணப்பொழுது தயங்கி, பின் துள்ளியது, மறுபுறமும் அவ்வாறே. பின்னர் தாழ இறங்கி, உன்னிச்சைக் குளத்தையும் கரடியனாற்று வயல்களையும் கண்ட அளவில் ஆட்டம் தானே அடங்கிற்று. என் ஐயமும் அங்கேயே தீர்ந்தது.

ஆயிரம் அடி ஏறுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகை குறையும். அக்குளிரிலே விமானத்தின் அலுமினிய உடல், உருக்கு வடத்தைப்போல ஏறக்குறைய இருமடங்கு சுருங்கும். உடல் சுருங்க, வடம் தளரும். வெயிலிலே காய்ந்த இரத்மலானைத் தரையில் விறைப்பாய் நின்ற வடம், மேலே தொய்ந்துவிட்டது. மோட்டர் முதலில் அத்தொய்வைச் சுருட்டுவதிலே காலம் போக்கி, பிந்தியும் மிகுந்தும் திருத்தியது. அதனால் விமானம் மறுபுறம் சாய்ந்தது. ஆட்டத்தின் காரணம் இதுவே.

திரும்பி வந்து வடத்தின் இழுவையை அளந்தேன். அது கைந்நூல் விதித்த அளவிற் குறைந்திருந்தது, கப்பியொன்றும் தேய்ந்திருந்தது. கப்பியை மாற்றி, இழுவையைச் சீராக்கி, அதே வழியில், அதே உயரத்தில் மீண்டும் பறந்தோம். ஆட்டமில்லை. அதன்பின்னரே கையொப்பமிட்டேன். பெட்டியின்மீது யாதொரு பிழையுமிருக்கவில்லை.

இன்று இக்கல்லூரியிற் பயிலும் மாணவருட் பலர் என்னினும் நுட்பமான கருவிகளைக் கையாளுவர். "குறை காணப்படவில்லை" என்று எழுத நேரும்போது, குறை தோன்றும் இடத்துக்கும் வேளைக்கும் சென்று பார்த்தோமா என ஒருமுறை தம்மைக் கேட்டுக்கொள்வாராக. அக்கையொப்பத்தை நம்பி ஒருவர் மலைக்கு மேலே தனியே பறந்துகொண்டிருப்பார்.