பேனலில் ‘நார்மல்’

இரவு பத்தரைக்கு மேல், ஷட்டர்கள் இறங்கிய பிறகுதான் எங்கள் சோதனை தொடங்கும். கோவையில் நான் பராமரிக்கும் வணிக வளாகத்தில் நான்கு தளங்கள். நீளக் கழியின் நுனியில் சோதனைப் புகை கேனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஸ்மோக் டிடெக்டருக்கும் அடியில் போய் நிற்பேன். அதற்குள் இருப்பது ஒரு குட்டி இருட்டறை. ஒரு பக்கம் சின்ன விளக்கு. அதன் வெளிச்சம் நேராகப் படாதபடி ஓரமாய் ஒரு சென்சார். புகை நுழைந்தால் ஒளி சிதறி சென்சாரில் விழும், ஹூட்டர் அலறும். இத்தனை வருடம் பார்த்தும் அந்த எளிமை மேல் எனக்கு மரியாதை குறையவில்லை.

தூசி புகுந்தாலும் ஒளி சிதறும். அதனால் கடையில் ஆசாரி வேலை நடக்கும்போது டிடெக்டருக்கு மூடி போடுவோம். வேலை முடிந்து, பூஜை போட்டு, வியாபாரமும் தொடங்கியிருக்கும். மூடி மட்டும் அப்படியே இருக்கும்.

ஒருமுறை இரண்டாம் தளத்தில் ஒரு கடை கை மாறியது. அடுத்த சோதனைக்குப் போனபோது, வரைபடத்தில் இருந்த டிடெக்டர் கண்ணில் படவில்லை. டிடெக்டர்கள் எல்லாம் இணைந்திருக்கும் அலாரம் பேனலில் பார்த்தால் அதன் எண்ணுக்கு ‘நார்மல்’. ஏணி போட்டு ஏறி ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தூக்கினேன். பழைய கூரையில், இருட்டில், மின்மினி போலக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. புதிய கடைக்காரர் இரண்டடி கீழே இன்னொரு சீலிங் அடித்துவிட்டார். பேனல் பொய் சொல்லவில்லை. “இருக்கிறாயா?” என்று ஒவ்வொரு டிடெக்டரையும் அது மாறி மாறிக் கேட்கும், இதுவும் “இருக்கிறேன்” என்றது. தன் கடை தனக்குக் கீழே மறைந்துபோனதை அது எப்படிச் சொல்லும்?

அன்றிலிருந்து பேனலைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை. நடந்துதான் பார்க்கிறேன். உணவகச் சமையலறையில் புகைக்குப் பதில் வெப்பத்தை உணரும் டிடெக்டர். இல்லாவிட்டால் தோசைக்கல் புகைக்கே தினமும் அலறும். கரண்ட் போனாலும் ஒரு நாள் முழுக்கத் தாங்கி, அதன் பிறகும் அரை மணி நேரம் ஹூட்டர் அடிக்கும் அளவுக்குப் பேட்டரி இருக்கிறதா என்று பார்ப்பேன். காவலில் இருக்கும் அண்ணனிடம் ஒவ்வொரு முறையும் சொல்வது ஒன்றுதான்: “அண்ணே, சத்தத்தை அமுக்கிட்டு உட்கார்ந்துடாதீங்க, எந்தக் கடைன்னு போய்ப் பாத்துட்டு வாங்க.”

2017 மே 31 அதிகாலையில் சென்னை தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் தீப்பிடித்தது. மறுநாளும் எரிந்தது. ஒரு பகுதி தானாகச் சரிந்தது. மிச்சத்தை இடித்தே தள்ளினார்கள். பூட்டிய கடைகளுக்குள் அந்த நேரத்தில் விழித்திருக்க வேண்டியது டிடெக்டர் ஒன்றுதான்.

கடைக்காரர்களே, தச்சு வேலையோ சீலிங் வேலையோ தொடங்குமுன் வளாக அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வேலை முடிந்த அன்றே மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். நாளைக் காலை கடை திறந்ததும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். டிடெக்டர் கண்ணில் படவில்லை என்றால் உடனே எங்களைக் கூப்பிடுங்கள்.