சனிக்கிழமை சம்பளம்

திருப்பூர் பி.என். ரோட்டிலிருந்து பிரியும் சந்து. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே இருக்கும் பட்டறை முழுசாகத் தெரிகிறது. சிமெண்ட் ஷீட் கூரை, எட்டு தையல் மெஷின், கோன் நூல் அடுக்கிய அலமாரி. பெயர்ப் பலகை கிடையாது. இந்த ஊரில் இதைப் ‘பவர்டேபிள்’ என்பார்கள். பனியன் கம்பெனி வெட்டிக் கொடுக்கும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற இடம்.

மணி மூன்றரை. ஒரு டெய்லர் வரவில்லை போலிருக்கிறது, ஓவர்லாக் மெஷினில் முதலாளியே உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் இஞ்ச் டேப். துணி அவர் விரலுக்கு முன்னால் ஓடுகிறது; பல வருஷம் இன்னொருவரிடம் கூலிக்குத் தைத்த கை அது என்று பார்த்தாலே தெரிகிறது. சுவரோரம் தரையில் ஒரு அம்மா, மடி நிறைய டி-ஷர்ட்டை வைத்துக்கொண்டு பிசிறு வெட்டுகிறார். தலை நிமிரவே இல்லை.

செக்கிங் பெண் ஒரு பீஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கிறாள். தோள் தையலில் இரண்டு இடத்தில் நூல் தப்பியிருக்கிறது. முதலாளி அந்தப் பீஸை வாங்கிப் பார்த்துவிட்டு, கட்டி வைத்த பண்டிலையே அவிழ்க்கச் சொல்கிறார். நாலு பேர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு தோளாக இழுத்துப் பார்க்கிறார்கள். அரை மணி நேரம் போயிற்று. ஒன்பது பீஸ் தனியே விழுந்தது. யார் தைத்தது என்று அவர் கேட்கவில்லை. ஊசியைக் கழற்றி நகத்தில் உரசிப் பார்த்தார். முனை மழுங்கியிருந்தது. பையன் ஓடிப்போய் நாலாவது கடையில் புது ஊசி வாங்கி வந்தான்.

அந்த நாலாவது கடைதான் இந்த ஊரின் பலம். நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் என்று ஆளுக்கு ஒரு வேலை. முழு ஆலையும் கட்டாமல் எட்டு மெஷினை மட்டும் நம்பி ஒருவர் தொழிலில் இறங்க முடிவது அதனால்தான்.

போன் வந்தது. முதலாளி எழுந்து வாசலுக்கு வந்தார்.

“இல்லீங்க, போன வாரமே ஆயிரும்னு சொன்னீங்... இன்னைக்குச் சனிக்கெழமைங்... சரிங், செவ்வாக்கெழமை வர்றனுங்.”

குரல் கடைசிவரை உயரவில்லை. அவர் பின்னால் சுவரில் சிறு தொழிலுக்கான உத்யம் பதிவுச் சான்றிதழ் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி இவரைப் போன்ற சிறு தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டியாக. 2024 ஏப்ரலில் அமலான வருமான வரி விதியோ, கெடு தாண்டிய பாக்கியைக் கம்பெனி கொடுத்துத் தீர்க்கும்வரை அதைச் செலவாகக் காட்டவும் விடாது. நல்ல சட்டங்கள். ஆனால் வட்டி கேட்டுப் போனவருக்கு அடுத்த வாரம் பண்டில் வருமா? ஆர்டர் இல்லாமல் செத்த தொழிலைவிட, ஆர்டர் இருந்தும் பணம் வராமல் செத்த தொழில்கள்தான் என் மனதை அறுக்கின்றன.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குப் போனார். உள்ளே என்ன பேசினார்களோ, ஐந்து நிமிடத்தில் சட்டைப்பை புடைக்கத் திரும்பினார். கையில் காகிதம் எதுவும் இல்லை.

ஆறு மணிக்கு மெஷின்கள் நின்றன. சந்தே திடீரென்று காது அடைத்தாற்போல் ஆனது. நோட்டைப் பிரித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். “உனக்கு ஒம்போது ஷிஃப்ட்டு கண்ணு, எண்ணிக்கோ.” ஒடிசாப் பையன்கள் இருவருக்கும் போனிலேயே பணம் போனது. காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும் என்று ஓர் அக்கா தயங்கி நின்றார். முன்பணமாக நாலு தாள் கூட வைத்தார், நோட்டில் குறித்துக்கொண்டார்.

எல்லோரும் போனபின் நோட்டை மூடினார். பிசிறு வெட்டிய அம்மாவை மட்டும் கூப்பிடவேயில்லை. அவர் சேலையில் ஒட்டிய நூலைத் தட்டிவிட்டு எழுந்து, ஆணியிலிருந்த சாவியை எடுத்து முதலாளியிடம் நீட்டினார்.

“பால் வாங்கோணும், பாத்துக்குங்க,” என்றார்.

ஷட்டரை இருவருமாக இழுத்துச் சாத்தினார்கள்.