பார்வைக் காக்கா

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் உள்ளவர்கள் படியுங்கள். 1986-ல் என்னிடம் நான்காம் வகுப்பு படித்தவர்கள் மட்டும் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும். உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டியிருக்கிறது.

போன ஆடியில் வேடசந்தூர் பக்கம் தம்பி தோட்டத்துக்குப் போயிருந்தேன். கடலை விதைத்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. நடுக்காட்டில் ஒரு மூங்கில் குச்சி, அதில் தலைகீழாக ஒரு காக்கா தொங்கியது. எனக்கு மனசு திக்கென்றது. கிட்டப் போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக்! ஆன்லைனில் வாங்கினானாம். "மூணு நாள் பயந்துச்சுண்ணே. இன்னிக்குக் காலைல பாத்தா அது கால் மேலயே ஒண்ணு உக்காந்து மூக்கத் தேச்சுக்கிட்டிருக்கு" என்றான். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை.

டவுனில் வளர்ந்த பிள்ளைகளுக்காக இதைச் சொல்கிறேன். கடலைக்கு விதைத்த முதல் பத்துப் பன்னிரண்டு நாள்தான் கண்டம். காக்கா சாலோடு சாலாக மனுசன் மாதிரி நடந்து வரும். மண்ணைக் கிளறிப் பருப்பை எடுத்துவிடும். முளை வெளியே தலை காட்டினால் அதையும் பிடுங்கிப் போட்டுவிடும். இப்போது மயில் தொல்லை வந்த பிறகு காக்கா தொல்லை சின்னதாகத் தெரிகிறது. அன்றைக்கு எங்கள் மானாவாரிக் காட்டுக்குக் காக்காதான் எதிரி.

அப்பா எல்லாம் செய்து பார்த்தவர். தகரம் தட்டுவது, கவண் வீசுவது, வைக்கோல் பொம்மைக்குத் தன் பழைய சட்டையைப் போடுவது. பிற்காலத்தில் அறுந்துபோன கேசட் நாடாவைக் காடு முழுக்க இழுத்துக் கட்டினார். காற்றில் அது ம்ம்ம் என்று அலறும். ஒருமுறை தேங்காய் மட்டையில் காக்கா இறகைக் குத்தி அச்சு அசலாக ஒரு காக்கா செய்தார். தினமும் இடம் மாற்றி வைத்தால் ஒரு வாரம் தாங்கும். அசந்தால் கண்டுபிடித்துவிடும். நிஜமாகவே வேலை செய்தது ஒன்றே ஒன்றுதான், செத்த காக்கா. ஒற்றைக் காலில் கட்டி, றெக்கை விரிந்து தொங்குகிற மாதிரி விட்டால், முதலில் ஊர்க் காக்காயெல்லாம் கூடி ஒரு மணி நேரம் கத்தித் தீர்க்கும். அப்புறம் பல நாளைக்கு அந்தக் காட்டுப் பக்கமே வராது. அமாவாசைக்குக் கூரைமேல் சோறு வைத்து "கா கா" என்று கூப்பிடுகிற அதே அப்பாதான் இதையும் செய்தார். சின்ன வயதில் எனக்கு அது முரணாகத் தோன்றியதே இல்லை.

ஒன்றைக் காட்டி இன்னொன்றை வரவைப்பதற்கும் விரட்டுவதற்கும் பயன்படும் பிராணிக்குப் பழந்தமிழில் 'பார்வை' என்று பெயர். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வீட்டு முற்றத்து விளாமரத்தில் பார்வை மான் ஒன்று கட்டியிருக்கும். வரவைப்பதற்குத்தான் அந்தச் சொல், விரட்டுவதற்கு நானாக நீட்டிக்கொண்டேன். தமிழாசிரியர்கள் மன்னிக்கவும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

1985 செப்டம்பரில் திண்டுக்கல் தனி மாவட்டமானது. அதற்கு மறுவருடம், ஆசிரியர் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்து மூன்றாவது வருடம், நான்காம் வகுப்பு எனக்கு. ஊருக்கு வெளியே புளியந்தோப்பில் நரிக்குறவர் குடும்பங்கள் நாலைந்து கூடாரம் போட்டிருந்தன. அங்கிருந்து ஒரு பையன் பள்ளிக்கு வந்தான். பெயரை இங்கே எழுதவில்லை, அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். சத்துணவுக்காகத்தான் வருகிறான் என்று சிலர் சொன்னார்கள். எதற்காக வந்தால் என்ன, கணக்கில் அவன்தான் முதல்.

ஒருநாள் அவன் அப்பா பழக்கி வைத்திருந்த கௌதாரியைக் கூண்டோடு வகுப்புக்குக் கொண்டுவந்தான். அது கூப்பிட்டால் காட்டுக் கௌதாரி சண்டைக்கு வரும், வந்தால் கண்ணியில் மாட்டும். பாடத்தை நிறுத்திவிட்டு அவனைப் பேசவிட்டேன். மைனா, குயில், செம்போத்து என்று குரல் கொடுத்தான். காக்காவுக்கு மட்டும் மூன்று விதமாகக் கத்திக் காட்டினான். "இது சோறு கெடக்குன்னு கூப்புடுறது சார். இது பருந்து வருதுன்னு. இது செத்துப்போச்சுன்னு." மூன்றாவது குரலைக் கொடுத்ததும் வெளியே வேம்பில் இருந்த காக்காயெல்லாம் எழும்பிவிட்டன. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அந்த ஆடியில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. விதைப்பை நான்தான் பார்த்தேன். ஒரே வாரத்தில் கால் காடு போய்விட்டது. அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"டேய், உங்கப்பாகிட்டச் சொல்லி எனக்கு ஒரு காக்கா புடிச்சுக் குடுக்கச் சொல்றியா?"

"உசுரோடயா சார், செத்ததா?"

"செத்ததுதான்டா."

மறுநாள் காலை மஞ்சள் பையில், சிலேட்டோடு சேர்த்துக் கொண்டுவந்தான். பைக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டிருந்தது. காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "வாத்தியாருக்குன்னா சும்மாவே குடுத்துருன்னு அப்பா சொல்லிருச்சு சார்" என்றான். அவன் அந்த வேம்பைக் கடந்து வந்தபோது மேலே காக்கா கத்தியது எனக்குக் கேட்டது. அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அன்று சாயங்காலமே காட்டில் கட்டினேன். விதை தப்பியது.

பையன் தப்பவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் வேம்படியில் உட்காருவார்கள். அடுத்த நாளிலிருந்து காக்காய்கள் அவனை மட்டும் தேடி வந்து தலையில் தட்டின. இடம் மாறி உட்கார்ந்தாலும் கண்டுபிடித்து வந்தன. ஒருநாள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான், சோறு சிந்தியது. பிள்ளைகள் சிரித்தார்கள். அவனுக்குக் 'காக்கா' என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் குற்றமில்லை, அந்த வயது அப்படி. பெரியவர்கள்தான் மோசம். காக்கா தலையில் தட்டினால் சனி என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. இரண்டு தாய்மார்கள் வந்து, எங்கள் பிள்ளை பக்கத்தில் அவனை உட்காரவைக்காதீர்கள் சார் என்றார்கள்.

அப்போது ஒரு வாக்கியம் போதும். "காக்கா கேட்டது நான்தான்மா." சொல்லவில்லை. மூன்று வருட வேலை, தலைமையாசிரியர் என்ன நினைப்பார், பிள்ளையை வைத்துக் காக்கா கொல்லச் சொன்ன வாத்தியார் என்று ஊர் பேசுமே என்ற பயம். அவன் நல்லதுக்குத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, அவனைத் தாழ்வாரத்தின் கடைசியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட வைத்தேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. அவனும் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பையன் எனக்காக ரகசியம் காத்தான்.

இரண்டு வாரத்தில் வருவது நின்றது. புளியந்தோப்புக்குப் போய்ப் பார்த்தபோது கூடாரங்கள் இல்லை. அவர்கள் எப்படியும் இடம் மாறுகிறவர்கள்தானே என்று திரும்பிவிட்டேன். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அவன் பெயரை அடித்தது என் கை.

வெகு காலம் இதைக் கெட்ட நேரம் என்றே நினைத்திருந்தேன். ஓய்வுக்குப் பிறகு, அமெரிக்காவில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் அனுப்பிய கட்டுரை ஒன்றில்தான் விவரம் தெரிந்தது. சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் 2006-ல் ஆதிமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு சில காக்காய்களைப் பிடித்து, வளையம் மாட்டி விட்டிருக்கிறார். அதன்பிறகு யார் அந்த முகமூடியோடு போனாலும், வருடக்கணக்காக, கூட்டமாக வந்து திட்டின. பிடிபடாத காக்காயும் சேர்ந்துகொண்டது. அவருடைய மாணவி கேலி ஸ்விஃப்ட் செத்த காக்காயைக் கையில் ஏந்திய ஆட்களை முகமூடியோடு நிற்க வைத்துப் பார்த்தார். 2015-ல் வெளிவந்த ஆய்வு. அந்த முகத்தை ஆறு வாரம் கழித்தும் காக்காய்கள் மறக்கவில்லை. அது வேறு இனக் காக்கா. ஆனால் நம் ஊர்க் காக்காயும் அந்த வேம்படியில் அதைத்தான் செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

காக்கா தூக்கி வந்தவனைப் பார்த்தது. தூக்கி வரச் சொன்னவனை அதற்குத் தெரியாது. நான் காட்டில் கட்டியது சாயங்காலம் இருட்டிய பிறகு. ஒரு காக்காகூட இதுவரை என் தலையில் தட்டியதில்லை.

சட்டப்படி அன்றைக்கு நான் செய்தது குற்றமில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலி, வௌவாலோடு காக்காயும் ஐந்தாவது அட்டவணையில், தொல்லைப் பிராணி என்ற கணக்கில் இருந்தது. 2022-ல் வந்த திருத்தத்தில் அந்தப் பழைய அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் காக்கா பிடிக்கக் கிளம்ப வேண்டாம். தம்பியிடமும் பிளாஸ்டிக்கை வைத்தே சமாளி, தினம் இடம் மாற்று என்று சொல்லி வந்திருக்கிறேன். அந்தச் சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்த செய்தி 2023-ல் வந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது அவன் முகம்தான். அவனுக்குப் பேரன் பேத்திகூட இருக்கலாம், எங்காவது படித்துக்கொண்டிருக்கலாம்.

இனி உதவி. அந்த வகுப்பில் படித்தவர்களில் யாராவது அவனைப் பிற்பாடு பார்த்தீர்களா? பழனிப் பாதயாத்திரையிலோ, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்கும் இடத்திலோ, வேறு ஊரிலோ? இப்போது ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். இடது புருவத்துக்கு மேல் ஒரு சின்னத் தழும்பு உண்டு. அது அந்த வேம்படியில் வந்தது.

பஸ் ஸ்டாண்டில் நானே மூன்று முறை விசாரித்துவிட்டேன். "எந்த ஊரு கூட்டம் சாமி?" என்று கேட்கிறார்கள், எனக்கு அதுகூடத் தெரியவில்லை. அவன் அப்பா பெயரைப் பதிவேட்டில் எழுதியதும் நான்தான், அதுவும் ஞாபகம் இல்லை.

தெரிந்தவர்கள் அவன் பெயரை இங்கே எழுத வேண்டாம், அந்தப் பட்டப்பெயரையும் எழுத வேண்டாம். எனக்குப் போன் செய்யுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.