வில்லாளரும் விருந்தாளி மான்களும்

அந்தமான் என்றவுடன் நம்மவர்க்கு நினைவில் எழுவது சிற்றறைச் சிறைச்சாலையே. அது தவறன்று. ஆயினும் அத்தீவுகளைப் பற்றிப் பேச வேறு செய்திகளும் உண்டு. அவற்றுள் ஒன்று வில்லையும் மானையும் பற்றியது. வில்லும் மானும் ஒரே காட்டில் இருந்தால் அங்கே வேட்டையும் இருக்கும் என்றுதான் யாரும் எண்ணுவர். குறிஞ்சி நிலத்து வேட்டுவரைப் பற்றிப் படித்து வளர்ந்த நமக்கு அவ்வெண்ணம் இன்னும் எளிதில் வரும். அந்தமானில் கதை அவ்வாறு இல்லை.

சென்னையிலிருந்து கப்பலில் ஏறினால் மூன்று நாளளவில் போர்ட் பிளேர் நகரை அடையலாம். 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். துறைமுகத்திற்கு நேர் எதிரே, படகில் சிறிது நேரப் பயணத் தொலைவில், முன்னர் ராஸ் தீவு என வழங்கிய சிறு தீவு கிடக்கிறது. 2018ஆம் ஆண்டு அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் பெயர் சூட்டப்பட்டது. 1858 முதல் ஆங்கில ஆட்சியின் தலைமையிடம் இதுவே. மாளிகை, தேவாலயம், ரொட்டி சுடும் இடம், நடன அரங்கு என எல்லா வசதிகளும் இங்கே இருந்தன. 1941ஆம் ஆண்டு ஜூன் மாதத்து நிலநடுக்கம் தீவை உலுக்கியது. மறு ஆண்டு ஜப்பானியர் வந்திறங்கினர். இன்று அக்கட்டடங்களின் சுவர்களை ஆலும் அரசும் தம் வேர்களால் இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. சுவர் மரத்தைத் தாங்குகிறதா, மரம் சுவரைத் தாங்குகிறதா என்று சொல்வது அரிது.

நாங்கள் அத்தீவுக்குச் சென்றது ஒரு பிற்பகலில். வெயில் தாழத் தாழப் புள்ளிமான்கள் ஒன்றிரண்டாய் வெளிப்பட்டன. சற்று நேரத்தில் கூட்டமாயின. எங்களுடன் வந்த சிறுவர்கள் நீட்டிய தேங்காய்த் துண்டை ஒரு கலைமான் அச்சமின்றி வந்து வாங்கிற்று. "காட்டு மான் கையிலே வந்து தின்கிறதே!" என்று அவர்களுக்கு ஒரே வியப்பு. பெரியவர்களுக்கும் மகிழ்ச்சிதான். மான் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? சீதாபிராட்டியே மயங்கினாள் அல்லவா!

ஆனால் அந்த மான் காட்டு மான் அன்று. அந்தத் தீவின் மானும் அன்று. அந்தமானில் இயற்கையாக மான் இனம் எதுவும் கிடையாது. பெரிய விலங்கு என்று சொல்லத்தக்கது காட்டுப்பன்றி ஒன்றே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இந்தியப் பெருநிலத்திலிருந்து புள்ளிமான்களைக் கொண்டுவந்து விட்டனர். கேளையாடும் அவ்வாறு வந்ததே. வேட்டை விளையாட்டில் பழகிய துரைமார்களுக்குச் சுடுவதற்கு ஏதேனும் வேண்டியிருந்தது போலும்! துரைமார் போய்விட்டனர், மான்கள் தங்கிவிட்டன. புலியோ செந்நாயோ இல்லாத நிலம்; ஆண்டு முழுவதும் தழை. பெருகின. மான் நன்றாக நீந்தும். ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குக் கால்வாய்களைக் கடந்தே பரவிவிட்டது.

பெருக்கத்தைத் தடுக்க அரசினர் செய்த ஒரு முயற்சி, கேட்பவரைச் சிரிக்க வைக்கும். 1950களின் தொடக்கத்தில் இரண்டு சிறுத்தைகளைக் கொண்டுவந்து காட்டில் விட்டனர். இரண்டும் பெண். அவற்றின் வமிசம் அத்துடன் முடிந்தது. மானின் வமிசம் முடியவில்லை.

சிரிப்பை விடுத்துப் பார்த்தால் காரியம் பெரிது. மான்கள் மிகுந்த காட்டில் பெரிய மரங்கள் நிற்கின்றன. அவற்றின் கீழே கன்று இல்லை. முளைத்ததை முளைத்தவுடன் மான் மேய்ந்துவிடுகிறது. முதிய மரம் சாய்ந்தால் அதன் இடத்தை நிரப்ப இளமரம் இராது. உயிரியல் அறிஞர்கள் இதனைப் பல ஆண்டுகளாக எடுத்துரைத்து வருகின்றனர். இன்டர்வியூ தீவில் 1962ஆம் ஆண்டளவில் ஒரு மரக்கம்பெனி தன் தொழிலை விட்டபோது கைவிட்டுச் சென்ற யானைகளும் இதே போன்று காட்டை உருமாற்றின. எழில் வேறு, பொருத்தம் வேறு என்பதை நம் பிள்ளைகளுக்கு விளக்குவது எளிதாக இல்லை. தேங்காய்த் துண்டை நீட்டிய சிறுவனிடம் அன்று நாங்கள் அதனைச் சொல்லவும் இல்லை.

இனி வில்லுக்கு வருவோம்.

அந்தமான் பழங்குடியினர் வில்லில் வல்லவர். வில்லுக்கு ஏற்ற ஒரு மரம் அக்காடுகளில் வளர்கிறது. சூய் என்று அதனை அங்கே வழங்குகின்றனர். ஆங்கிலேயர் அதற்கு வில்மரம் என்றே பெயரிட்டுவிட்டனர். அம்பின் முனைக்கு இரும்பு. தீவில் இரும்பு உருக்கும் வழக்கம் கிடையாது. ஆதலின் பாறையில் மோதிச் சிதைந்த கப்பல்களின் இரும்பு அவர்களுக்குக் கடல் தந்த செல்வமாயிற்று. நஞ்சு தடவும் பழக்கம் அவர்களிடம் இல்லை.

பெரிய அந்தமான் பழங்குடியினர் பன்றிக்கென்று செய்த அம்பில் ஒரு நுட்பம் உண்டு. அதன் முனை தண்டில் இறுகப் பொருத்தப்படுவதில்லை. ஒரு கயிற்றால் தண்டுடன் பிணைக்கப்பட்டிருக்கும். அம்பு தைத்த பன்றி ஓடும்போது முனை உடலில் தங்கும். தண்டு கழன்று கயிற்றில் தொங்கிப் பின்னே இழுபடும். புதரடர்ந்த காட்டில் தண்டு எங்கேனும் குறுக்கே சிக்கிக்கொள்ளும், பன்றி நின்றுவிடும். அடர்காட்டில் அடிபட்ட விலங்கைத் தேடி அலைவதே வேட்டையில் பெரும்பாடு. அப்பாட்டைக் காட்டின் புதர்களிடமே ஒப்படைத்துவிட்ட அறிவை என்னென்பது!

ஜாரவா மக்களின் வில் ஏறக்குறைய ஆள் உயரம். மார்பில் மரப்பட்டையாலான காப்பு அணிவர். பன்றி, உடும்பு, மீன், தேன் ஆகியவை அவர்களுடைய உணவு. மான் அவர்கள் மரபில் வேட்டைப் பொருளன்று என்று அவர்களிடையே ஆய்வு செய்தோர் எழுதியுள்ளனர். கண்ணெதிரே கொழுத்த மான் நின்றாலும் அம்பு பன்றிக்கே. வேட்டையாடிய பன்றியின் மண்டையோட்டைப் பிரம்பால் கட்டிக் குடிலில் மாட்டி வைப்பதும் உண்டு.

நாங்கள் ஜாரவா வேட்டையைக் காணவில்லை. காணச் செல்வது சட்டப்படி குற்றம். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி அம்மக்களின் காட்டுக்குள் பிறர் நுழைவதைத் தடுக்கிறது. அது நல்ல சட்டம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் கண்ட ஒருவரைக் கண்டோம். இராமநாதபுரத்துப் பக்கம் பிறந்து, இளமையிலேயே பிழைப்புத் தேடிக் கப்பலேறி, நெடுஞ்சாலை வேலையில் முதுகு வளைந்த பெரியவர் அவர். ஜாரவா மக்கள் வெளியாருடன் பகை நீங்கிச் சாலைப்பக்கம் வரத் தொடங்கியது 1997ஆம் ஆண்டின் பிற்பகுதியில். அதற்கு ஓரிரு ஆண்டுகள் கழித்து, மழைக்காலத்து மாலை ஒன்றில், பெரியவரும் தோழர்களும் சாலையோரம் மண்ணள்ளிக்கொண்டிருந்தனராம்.

"நாய் குரைக்கவில்லை, கிளை ஒடியவில்லை. காட்டிலிருந்து மூன்று பேர் வந்து நின்றார்கள், ஐயா. நடுவில் இருந்தவன் தோளில் பன்றி. எங்களுக்குக் கைகால் நடுக்கம். அவர்கள் எங்களைப் பார்க்கவே இல்லை" என்றார்.

சாலையின் மறுபுறம் நான்கைந்து மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. மனிதரைக் கண்டதும் தலையை நிமிர்த்தின, ஓடவில்லை. வில்லேந்திய மூவரும் அவற்றிற்கு ஏழெட்டு முழத் தொலைவில் நடந்து மறுபக்கக் காட்டில் மறைந்தனர். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஆரவாரமும் சிரிப்பும் கேட்டன. குழியில் சுட்ட கற்களின் நடுவே இறைச்சியை வேகவைக்கும் முறை அவர்களுடையது; அன்றிரவு அங்கே பலர் வயிறு நிறைந்திருக்கும்.

"எங்களில் ஒருவன் அந்த மானைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் என்ன நினைத்தான் என்று எனக்குத் தெரியும்" என்று பெரியவர் சிரித்தார்.

அச்சிரிப்பில்தான் செய்தி இருக்கிறது. ஜாரவா காட்டில் புகுந்து கண்ணி வைப்பவரும் துப்பாக்கி கொண்டு செல்பவரும் வெளியார். அவர்கள் மானை மட்டும் கொல்வதில்லை, பன்றியையும் கொல்கின்றனர். பன்றி குறைந்தால் ஜாரவா வில்லாளன் வெறுங்கையுடன் திரும்ப வேண்டும். அவனுக்கு ரேஷன் கடை இல்லை, காடே கடை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மக்கள் 380 பேரே. நம் ஊர்களில் ஒரு தெருவில் இருப்போர் தொகை அது! 2002ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அக்காட்டின் வழியே செல்லும் சாலைப் பகுதிகளை மூடுமாறு ஆணையிட்டும் வாகனங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

தீவுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. திருவிழா நாளில் "மான்கறி வந்திருக்கிறது" என்று யாரேனும் மெல்லிய குரலில் சொன்னால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது நலம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். நிக்கோபார்ப் பழங்குடியினரின் வேட்டை உரிமையை அச்சட்டம் தனியே காத்துள்ளது. குடியேறியவர்க்கு அவ்வுரிமை இல்லை. மான் பெருகிக் காடு நலிவது உண்மை. அதற்கு அரசும் அறிஞரும் முறையான வழி காண வேண்டும். இரவில் கண்ணி வைப்பது அவ்வழி ஆகாது.

கோடை விடுமுறையில் பாராடாங் செல்ல விரும்பும் அன்பர்கட்கு ஒரு குறிப்பு. ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து வண்டிகள் குறித்த நேரங்களில் காவலுடன் வரிசையாகச் செல்லும். இடையில் நிறுத்துதல், படமெடுத்தல், தின்பண்டம் வீசுதல் யாவும் குற்றம்; 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தண்டனை கடுமையாக்கப்பட்டுள்ளது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுச் செல்க. வழியில் மான் தென்பட்டால் குழந்தைகள் பார்க்கட்டும். அது எங்கிருந்து வந்தது என்பதை அப்போதே சொல்லிவிடலாம்.